பட்டாளத்தில் கைமாறும் புத்தகங்கள்

போர்முனையில் நிற்கும் சிப்பாய் எதைப் படிக்கிறார்? ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர் அடுத்தவர் கையில் எதைக் கொடுக்கிறார்?

1965 செப்டம்பர் 9. அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் விமானம் வட வியட்நாம் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாராசூட்டில் இறங்கியவரைக் கூட்டம் சூழ்ந்து அடித்ததில் கால் முறிந்தது. அடுத்த ஏழரை ஆண்டுகள் ஹனோயின் ஹோவா லோ சிறைதான் அவருக்கு வீடு. அதில் நான்கு ஆண்டுகள் தனிக் கொட்டடி. பேனா இல்லை, காகிதம் இல்லை. தலைக்குள் மட்டும் ஒரு புத்தகம் இருந்தது.

எபிக்டெடஸ் என்ற பழைய ஞானியின் சின்னஞ்சிறு கையேடு அது. அடிமையாக இருந்தவர், ஊனமுற்ற காலோடு வாழ்ந்தவர் எபிக்டெடஸ். உன் வசத்தில் இருப்பது எது, இல்லாதது எது என்று முதலில் பிரித்துக்கொள் என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். அறுபதுகளின் தொடக்கத்தில் கடற்படை ஸ்டாக்டேலை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியிருந்தது. அங்கே தத்துவம் சொல்லித்தந்த பேராசிரியர் பிலிப் ரைன்லேண்டர், விடைபெறும்போது இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். போர் விமானிக்கு இது எதற்கு என்று வாங்கியவருக்கே முதலில் தோன்றியதாம். சிறையில்தான் அதற்குப் பொருள் விளங்கியது. 1973-ல் விடுதலையாகி வந்தபிறகு, சாகும்வரை மேடைக்கு மேடை அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசினார். இன்று அமெரிக்கப் படை அதிகாரிகள் பலர் அலமாரியில் எபிக்டெடஸ் இருப்பதற்கு ஸ்டாக்டேல் முக்கியமான காரணம்.

அந்தச் சிறையில் கைதிகள் சுவரைத் தட்டித் தட்டியே பேசிக்கொண்டார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கி, வரிசைக்கு இத்தனை தட்டு, எழுத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கு. விசாரணையில் என்ன கேட்டார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இடையிடையே நினைவில் இருந்த கவிதைகளும் அதே சுவர் வழியே போயின. இதைவிட மெதுவான வாசிப்பு உலகில் வேறெங்கும் நடந்திருக்காது.

பட்டாளத்தில் புத்தகம் இரண்டு வழியில் வரும். மேலிடத்துப் பட்டியலாக வருவது ஒன்று. பக்கத்துக் கட்டிலில் இருந்து கை நீட்டி வருவது இன்னொன்று. பட்டியலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்க மரீன் படைக்கு 1989-ல் தளபதி ஆல்ஃபிரட் கிரே தொடங்கிவைத்த வாசிப்புப் பட்டியல், திருத்தத்துக்குமேல் திருத்தம் கண்டு இன்றும் நடக்கிறது. ‘எண்டர்ஸ் கேம்’ என்ற அறிவியல் புனைகதைகூட அதில் இடம்பிடித்தது. ஆனால் சிப்பாயின் மூட்டைக்குள் கிழிந்து, அழுக்கேறி, கடைசிவரை கிடப்பது பெரும்பாலும் பக்கத்துக் கட்டில் புத்தகம்தான். இன்னொன்றும் உண்டு: முனையில் இருக்கும்போது அவர்கள் ஊரைப் பற்றிப் படிக்கிறார்கள், ஊருக்கு வந்தபிறகு முனையைப் பற்றிப் படிக்கிறார்கள்.

சட்டைப் பைக்குள் 12 கோடி

முனையில் ஊரைப் பற்றிப் படிக்கிறார்கள் என்ற முதல் பாதிக்கு இரண்டாம் உலகப்போரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அமெரிக்கா போரில் இறங்கியதும், படையினருக்காக வீடு வீடாகப் புத்தகம் திரட்டினார்கள். கோடிக்கணக்கில் சேர்ந்தது. ஆனால் வீட்டில் வேண்டாதது எதுவோ அதைத்தான் பலர் எடுத்துக் கொடுத்தார்கள். பின்னல் வேலை கற்றுத்தரும் புத்தகங்கள்கூட வந்தன. பொறுக்கி எடுத்ததிலும் பல, கனமான அட்டை போட்ட தடிப் புத்தகங்கள். துப்பாக்கியும் தோட்டாவும் சுமந்து நடக்கிறவன் அதை எங்கே வைப்பான்?

பதிப்பாளர்கள் கூடி 1942-ல் போர்க்காலப் புத்தகக் குழு ஒன்றை அமைத்தார்கள். ராணுவ நூலகப் பிரிவின் தலைவர் ரே ட்ராட்மன் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1943 செப்டம்பரில் ‘ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்ஸ்’ என்ற வரிசை பிறந்தது.

அந்தப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். உயரத்தைவிட அகலம் அதிகம். காரணம் அச்சகம். புத்தக அச்சகங்களை விட்டுவிட்டு, மாத இதழ்களும் மலிவு விலைக் கதை இதழ்களும் அச்சாகும் இயந்திரங்களில், அவை சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து இவற்றை ஓட்டினார்கள். ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புத்தகங்களை அச்சடித்து, நடுவில் குறுக்கே வெட்டினார்கள். அதனால் வந்தது அந்தப் படுத்த வடிவம். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி எழுத்து. மங்கிய வெளிச்சத்திலும் கண் வரி தவறாது. சிறிய அளவு ஐந்தரை அங்குல அகலம், நான்கு அங்குலத்துக்கும் குறைவான உயரம். சீருடையின் பைக்குள் நுழையவேண்டும் என்பதே அளவுகோல். பசை போட்டு ஒட்டினால் பசிபிக் தீவுகளின் ஈரத்தில் பிரிந்துவிடும், பூச்சியும் அரிக்கும் என்று கம்பி ஊசி அடித்தார்கள். பிரதி ஒன்றுக்கு அரசுக்கு ஆன செலவு ஆறு சென்ட் சொச்சம். அதில் ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து ஒரு சென்ட்.

1947-ல் முடிவதற்குள் 1,322 தலைப்புகள், 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள். கௌபாய் கதைகள், துப்பறியும் நாவல்கள், நகைச்சுவை, கவிதை, வரலாறு என்று எல்லாம் இருந்தன. பாஸ்டன் நகரில் தடை செய்யப்பட்ட ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ நாவலும் இருந்தது. தடை என்றதும் சிப்பாய்களுக்கு ஆர்வம் கூடிவிட்டது, கேட்கவா வேண்டும்! இந்தப் புத்தகம் எவ்வளவு அழுக்கானாலும் குப்பையில் போட மனம் வராது, அது சொந்தப் பாட்டியைக் கை நீட்டி அடித்ததற்குச் சமம் என்று சொன்னாராம் ஒரு சிப்பாய்.

அவர்கள் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொண்டதில் முன்னணியில் நின்ற நாவல் எது தெரியுமா? பெட்டி ஸ்மித் 1943-ல் எழுதிய ‘எ ட்ரீ க்ரோஸ் இன் புரூக்ளின்’. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் வளரும் ஃபிரான்சி என்ற சிறுமியின் கதை. குடிகார அப்பா, வீடு வீடாகத் துடைத்துக் கூட்டிக் குடும்பம் நடத்தும் அம்மா, படிக்கத் துடிக்கும் பெண். ஒரு துப்பாக்கிச் சத்தம் கிடையாது. குண்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில் இருபது வயதுப் பையன்கள் இதைத்தான் வரிசையில் நின்று வாங்கிப் படித்தார்கள். புரூக்ளினைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட, இது என் வீட்டுக் கதை என்று எழுதினார்கள். பெட்டி ஸ்மித்துக்குப் படையினரிடமிருந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் கடிதங்கள் வந்தன. மலேரியாவில் படுத்திருந்த இளம் மரீன் ஒருவரின் கடிதம் பின்னாளில் புகழ்பெற்றது. உயிர் சொட்டிக்கொண்டிருந்த நண்பனை ஸ்ட்ரெச்சரில் வைத்து முழங்கால் சேற்றில் சுமந்த நாளிலிருந்து, இனி எதன்மீதும் அன்பு வராது என்று நினைத்திருந்தாராம் அவர். இந்த நாவலைப் படித்து அழுதபோதுதான், தனக்குள் இன்னும் உயிர் இருக்கிறது என்று தெரிந்ததாம்.

இந்த வரிசையால் பிழைத்துக்கொண்ட நாவல் ஒன்றும் உண்டு. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925-ல் வந்தது; சுமாராக விற்றது; மறக்கப்பட்டது. 1940-ல் ஆசிரியர் தோற்றுப்போனவராகவே இறந்தார். 1945-ல் அந்த நாவலைச் சிப்பாய்களுக்காக 1,55,000 பிரதிகள் அச்சடித்தார்கள். முதலில் விற்றதைப் போலப் பல மடங்கு. இன்று அது அமெரிக்கப் பள்ளிகளில் பாடம். அந்த மறுவாழ்வுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் படைமுகாம் வாசகர்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா? 1944 தேர்தல் ஆண்டு. படையினர் வாக்களிப்பது பற்றிய சட்டத்தில் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் ஒரு பிரிவைச் சேர்த்தார். தேர்தலைப் பாதிக்கக்கூடிய அரசியல் பிரசாரம் எதையும் அரசுப் பணத்தில் படையினருக்குக் கொடுக்கக்கூடாது. ராணுவ அதிகாரிகள் வம்பே வேண்டாம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிறுத்தினார்கள். நீதிபதி ஹோம்ஸின் வாழ்க்கை வரலாறுகூட மாட்டிக்கொண்டது. ஜனநாயகத்துக்காகப் போரிடப் போனவனுக்கு எந்தப் புத்தகம் ஆகும், ஆகாது என்று நாங்கள் சொல்வோம் என்றால் எப்படி என்று பத்திரிகைகள் கொதித்தன. சில மாதங்களில் சட்டம் தளர்த்தப்பட்டது.

பிரிட்டிஷ் தரப்பில் எனக்குப் பிடித்த ஆள் ஃபீல்டு மார்ஷல் வேவல். 1915-ல் ஈப்ரே போரில் ஒரு கண்ணை இழந்தவர். பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராய். தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த கவிதைகளை மட்டும் தொகுத்து ‘அதர் மென்ஸ் ஃபிளவர்ஸ்’ என்று 1944-ல் வெளியிட்டார். புத்தகம் முழுவதும் ஒரு சிப்பாயின் சிபாரிசு. வைஸ்ராயாக அவர் செய்ததை மறந்தவர்கள்கூட இந்தத் தொகுப்பை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு

போர் முடிந்ததும் வாசிப்பு தலைகீழாகிறது. ஊரில் யாரிடமும் பேச முடியாததைப் புத்தகத்தில் தேடுகிறார்கள். அப்போது அவர்கள் கைமாற்றிக்கொள்ளும் நூல்களில் வெற்றி முழக்கம் குறைவு.

யூஜீன் ஸ்லெட்ஜ் என்ற மரீன், பெலிலியு, ஒகினாவா என்ற இரண்டு பயங்கரமான சண்டைகளில் நின்றவர். முனையில் நாட்குறிப்பு எழுதத் தடை. எதிரி கையில் சிக்கினால் தகவல் போய்விடும் என்ற அச்சம். அவரோ சட்டைப் பையில் இருந்த குட்டிப் புதிய ஏற்பாட்டுக்குள் குறிப்புகளை ஒளித்துவைத்தார். போருக்குப் பிறகு உயிரியல் பேராசிரியரானார். தன் குடும்பத்தார் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தக் குறிப்புகளை வைத்து எழுதத் தொடங்கியது, ‘வித் தி ஓல்டு பிரீட்’ என்று 1981-ல்தான் புத்தகமானது. சேறு, புழு, மலம், பிணவாடை எதையும் அவர் விடவில்லை. தன் பக்கத்து ஆட்கள் பிணங்களுக்குச் செய்த அசிங்கத்தையும் விடவில்லை. இன்று புதிதாகச் சேரும் மரீன் கையில் மூத்தவர்கள் கொடுக்கும் முதல் புத்தகங்களில் ஒன்று அது.

வியட்நாமில் மரீன் அதிகாரியாக இருந்த கார்ல் மார்லாண்டஸ் தன் ‘மேட்டர்ஹார்ன்’ நாவலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார், 2010-ல் வந்தது. டிம் ஓ’பிரையனின் ‘தி திங்ஸ் தே கேரீடு’ 1990-ல். போர் சில மாதங்களில் முடியலாம். அதைச் சொல்ல வார்த்தை கிடைக்க ஒரு தலைமுறை ஆகிறது.

பாஸ்டனில் முன்னாள் படையினருக்கு மனநல மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே இன்னொரு வழியில் போனார். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்கக் கேட்க, அவருக்கு ஹோமரின் ‘இலியட்’ நினைவுக்கு வந்தது. மேலதிகாரி செய்த துரோகத்தால் பொங்கும் அக்கிலீஸ், நண்பன் பெட்ரோக்ளஸ் செத்ததும் மனிதத்தன்மை இழக்கும் அக்கிலீஸ். இரண்டையும் தன் நோயாளிகளிடம் அப்படியே கண்டார். 1994-ல் ‘அக்கிலீஸ் இன் வியட்நாம்’ எழுதினார். 2008-ல் பிரையன் டோரிஸ் என்ற இயக்குநர், சோஃபோக்ளிஸின் நாடகப் பகுதிகளை சான் டியாகோவில் மரீன்கள் முன்னும் அவர்கள் மனைவிமார் முன்னும் வாசிக்கச் செய்தார். அஜாக்ஸ் என்ற பெருவீரன் அவமானம் தாங்காமல் தன் வாளிலேயே விழுந்து சாகும் கதை. வாசிப்பு முடிந்தபின் பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. சோஃபோக்ளிஸே ஒரு தளபதியாக இருந்தவர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நம் புறநானூற்றிலும் வெற்றியைப் பாடும் வாகைக்குப் பக்கத்திலேயே இறந்தவருக்காக இரங்கும் கையறுநிலை இருக்கிறது. போரைப் பாடியவர்களுக்குத் தெரியாததா?

தோல்வியை எழுதிய தளபதிகள்

இந்தியப் படையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் நூல் ஒன்று சொல்லச் சொன்னால், நான் ஃபீல்டு மார்ஷல் வில்லியம் ஸ்லிம் எழுதிய ‘டிஃபீட் இன்டு விக்டரி’ என்பேன். 1956-ல் வந்தது. 1942-ல் பர்மாவிலிருந்து ஜப்பானியரிடம் அடிவாங்கி, சுமார் 900 மைல் பின்வாங்கி வந்த படையின் கதை. அதே ஸ்லிம், பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட 14-வது படையோடு திரும்பிப் போய் வென்றார். ஆனால் இந்த நூலைப் படித்தவர்கள் வியப்பது வெற்றியைக் கண்டு அல்ல. இங்கே நான் தவறினேன், இந்த முடிவை நான் தாமதித்தேன் என்று ஒரு தளபதி பக்கத்துக்குப் பக்கம் எழுதுவதைக் கண்டு.

அதில் ஒரு கணக்கு வருகிறது. 1943-ல் காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோய்வாய்ப்பட்டு 120 பேர் அனுப்பப்பட்டார்கள். முதல் எதிரி ஜப்பான் அல்ல, கொசு. மலேரியா மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்காமல் ஏமாற்றினார்கள். ஸ்லிம் திடீர் சோதனை வைத்தார். ஒரு பிரிவில் 95 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் மாத்திரை எடுத்திருந்தால் அதன் கமாண்டருக்கு வேலை போகும். மூன்று பேரை அனுப்பிய பிறகு நான்காவது ஆளுக்குத் தேவை ஏற்படவில்லை. வீரத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். மாத்திரையைப் பற்றி எழுதத்தான் சிப்பாயாக இருந்திருக்கவேண்டும்.

இன்னொன்று, பிரிகேடியர் ஜான் தால்வியின் ‘ஹிமாலயன் பிளண்டர்’. 1962 அக்டோபரில் சீன எல்லையருகே நம்கா சூ ஆற்றங்கரையில் 7-வது காலாட்படை பிரிகேடின் தளபதி அவர். பத்தாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவும் போட்ட ஆட்கள். ஆளுக்கு 50 தோட்டா. அந்த இடத்தில் நிற்க முடியாது என்று கீழே இருந்தவர்கள் சொன்னதை மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. அக்டோபர் 20 காலையில் சீனப்படை வந்தது. 22-ம் தேதி தால்வி சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பினார். 1969-ல் இந்த நூல் வந்ததும் அரசு தடை விதித்தது. அப்படியும் கன்னடத்தில் ரவி பெளகெரே மொழிபெயர்க்கும் அளவுக்கு அது பரவியது.

அந்தப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. ஆகவே என்ன நடந்தது என்று அறிய விரும்பிய இளம் அதிகாரிக்கு மிச்சம் இருந்தவை, அதில் பங்கெடுத்தவர்கள் எழுதிய நூல்கள்தான். தால்வி ஒரு பக்கம் சொன்னார். அவர் குற்றம்சாட்டிய ஜெனரல் பி.எம். கவுல் அதற்கு முன்பே 1967-ல் தன் பக்கத்தைச் சொல்லியிருந்தார். போரின்போது ராணுவ நடவடிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்த டி.கே. பாலித் 1991-ல் தன் பங்கைச் சொன்னார். ஒன்றுக்கொன்று முரண். மூன்றையும் சேர்த்துப் படிக்கும்படி சொல்லும் மூத்தவர் கிடைத்தால் அந்த இளைஞர் பாக்கியசாலி. அறிக்கையைப் பூட்டிவைத்தால் நினைவுக் குறிப்பே அறிக்கையாகிவிடும் என்பதை அரசு யோசித்துப் பார்த்திருக்கலாம்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

முப்படை அதிகாரிகளுக்கும் பாடம் நடக்கும் பாதுகாப்புப் பணிகள் கல்லூரி, நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும் அங்கேதான். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். படையினருக்கென 1909-ல் ‘ஃபௌஜி அக்பார்’ என்று தொடங்கிய இதழ், இன்று ‘சைனிக் சமாச்சார்’ என்ற பெயரில் தமிழ் உட்பட 13 மொழிகளில் வருகிறது. ஆட்களுக்குக் குறைவில்லை.

புத்தகத்துக்குத்தான் குறைவு. மலையாளத்தில் பட்டாளக் கதைகள் என்று தனி வகையே உண்டு. கோவிலன், நந்தனார், பாறப்புறத்து என்று படையில் இருந்து எழுதியவர்கள் அந்த மொழியின் முதல் வரிசையில் இருக்கிறார்கள். தமிழில் போரையும் படையையும் பேசும் பெரிய நாவல் என்றால், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் எடுத்து நீட்டவேண்டியிருக்கிறது. அதை எழுதியவர் சிப்பாய் அல்லர். போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவில் பிழைப்புக்காக இருந்தவர். ஈழத்தில் மட்டும் நிலைமை வேறு. இயக்கத்தில் இருந்து வெளியேறிய ஷோபாசக்தியின் ‘கொரில்லா’, இறந்தபின் 2016-ல் வெளியான தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்று, ஏந்திய துப்பாக்கியைக் கேள்வி கேட்கும் எழுத்து அங்கே வந்திருக்கிறது. அவற்றோடு உடன்படாதவர்களும் படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். அது நல்லதே.

இந்தியப் படையில் சேர்ந்து 1962, 1965, 1971, இலங்கை, கார்கில் என்று போய்வந்த தமிழ்ச் சிப்பாய்கள் தமிழில் எழுதியவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கண்ணில் படுகின்றன. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையைப் பாருங்கள். ‘அமரன்’ படமாக 2024-ல் தமிழ்நாடே பார்த்தது. அந்தப் படத்துக்கு அடிப்படை, சிவ் அரூர், ராகுல் சிங் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ‘இந்தியா’ஸ் மோஸ்ட் ஃபியர்லெஸ்’. தாம்பரத்துக்காரர் ஒருவரின் கதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து நம்மைச் சேர்ந்தது.

எழுதாததற்குக் காரணம் அவர்களிடம் மட்டும் இல்லை. பட்டாளத்துக்காரர் என்றால் கேன்டீன் சாமான், மீசை, கொஞ்சம் அளந்துவிடும் பேச்சு என்று சினிமாவில் சிரித்தே பழகிவிட்டோம். அவரிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. கேட்பவர் இருந்தால்தானே எழுதுபவர் வருவார்? ஸ்லெட்ஜ்கூடத் தன் வீட்டாருக்காகத்தான் எழுதத் தொடங்கினார்.

உங்கள் தெருவிலோ உறவிலோ ஒரு முன்னாள் ராணுவத்தினர் இருப்பார். இந்தப் பொங்கலுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். முனையில் என்ன படித்தீர்கள், யார் கொடுத்தார்கள், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வரும், குளிருக்கு என்ன போட்டுக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு எழுத வந்தால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வராவிட்டால் செல்பேசியில் பதிவுசெய்யுங்கள். ஆண்டு, இடம், யூனிட்டின் பெயர், உடன் இருந்தவர்கள் பெயர் இவற்றை மறக்காமல் குறித்து வையுங்கள். 1962-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது.